கேளுங்கள், சொல்கிறோம்: இசைக்குழுவைப் படமாக்குவது எப்படி?

கேள்வி: ஐயா, நாங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கல்லூரியில் படிக்கும் ஐந்து பேர். கித்தார், கீபோர்டு, டிரம்ஸ், தவில், பாட்டு என்று ஒரு குழு வைத்திருக்கிறோம். சொந்தப் பாடல் ஒன்றை ஸ்டூடியோவில் பதிவுசெய்து முடித்துவிட்டோம். இரண்டு கைப்பேசிகளிலும் கடன் வாங்கிய ஒரு கேமராவிலும் படம் எடுத்துப் பார்த்தோம். உதடும் பாட்டும் ஒட்டவில்லை, விளக்கு வெளிச்சமும் துடிக்கிறது. எங்கே தவறு?
– மாணவர்கள், கொழிஞ்சாம்பாறை

பதில்: பாடல் பதிவாகிவிட்டதால் படப்பிடிப்பில் யாரும் உண்மையாக வாசிக்க வேண்டியதில்லை என்று மாணவர் குழுக்கள் பல நினைத்துக்கொள்கின்றன, ஒட்டாமல் போவதற்குப் பாதிக் காரணம் அந்த நினைப்புதான். வெறுமனே வாயசைக்கும் பாடகரிடம் மூச்சு இழுப்பதும் கழுத்து நரம்பு புடைப்பதும் தெரியாது. ஆகவே அவர் முழுக் குரலில் பாட வேண்டும், மற்றவர்களும் ஒவ்வொரு சுரத்தையும் அடியையும் விடாமல் வாசிக்க வேண்டும். செண்டையும் தவிலும் கேட்டு வளர்ந்த உங்கள் ஊர்க்காரர்கள், கை பொய் சொன்னால் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படப்பிடிப்பில் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, கூடவே வாசிக்கும் பாட்டு, எல்லா ஒலிகளையும் சேர்த்து முடித்த இறுதிக் கலவையாகவே இருக்கட்டும். பிறகு ஒரு வரியை வெட்டினாலும் வேகத்தை மாற்றினாலும் எடுத்ததெல்லாம் வீணாகும். பாட்டுக்கு முன்னால் ஒரு 'பீப்' ஒலியையும், அதே காலப்பிரமாணத்தில் நான்கு எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பேசிகளிலும் கேமராவிலும் மைக் திறந்தே இருக்க வேண்டும். அதில் பதிவாகும் ஒலி படத்தில் பயன்படப்போவதில்லை என்றாலும், எடிட்டிங்கில் காட்சிகளை அசல் பாட்டோடு பொருத்துவதற்கு அதுவே பிடிமானம்.

ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படங்கள், என்று எடுக்கும்போது, ஒரு ஃபிரேம் நேரத்தில் அது கடப்பது சுமார் 14 மீட்டர் மட்டுமே. ஸ்பீக்கரை முப்பது மீட்டர் தள்ளி வைத்தால் வாசிப்பவர்கள் இரண்டு ஃபிரேம் பின்தங்குவார்கள். ஸ்பீக்கருக்கு அருகிலுள்ள கைப்பேசியின் ஒலியை வைத்துப் பொருத்தினால் அந்தப் பிசகு அப்படியே படத்தில் தெரியும். புளூடூத் ஸ்பீக்கர் தன் பங்குக்கு மேலும் தாமதப்படுத்தும். அதிலும் இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று வயரிலும் மற்றொன்று புளூடூத்திலும் ஓடினால் டிரம்ஸ்காரர் ஒரு பக்கமும் பாடகர் ஒரு பக்கமுமாக இழுபடுவார்கள். வயர் போட்ட ஒரே ஸ்பீக்கரைக் குழுவுக்கு அருகில் வையுங்கள்.

தொடக்கத்தில் ஒட்டியிருந்து, போகப்போக விலகுகிறது என்றால் குற்றம் கைப்பேசியுடையது. பல கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்பத் தாமாகவே ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். வேகத்தை நிலையாகப் பிடித்து வைக்கும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். இரண்டு கைப்பேசிகளிலும் கேமராவிலும் ஒரே ஃபிரேம் வேகம் இருக்கட்டும்.

விளக்குத் துடிப்புக்குக் காரணம் எளிது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கொளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் வேகம் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/50 அல்லது 1/100 விநாடி என்றிருந்தால் துடிப்பு மறையும், 1/60 என்றால் தெரியும். மலிவான எல்.இ.டி. விளக்குகளை டிம்மர் கொண்டு மங்கலாக்கினால் எந்த ஷட்டருக்கும் அடங்காத துடிப்பு வரலாம். அவற்றை முழு வெளிச்சத்தில் எரியவிட்டுத் தள்ளி வைப்பதே வழி.

டிரம்ஸின் சத்தத்தில் பாட்டே கேட்காது என்பது அடுத்த தொல்லை. மடித்த துண்டு ஒன்றை ஸ்னேர் என்னும் சிறிய டிரம் மீது போட்டுவிட்டுத் தாழ்ந்த கோணத்தில் எடுத்தால் துண்டு தெரியாது, அடியின் வீச்சும் குறையாது. மேலிருந்து எடுக்கும்போது மட்டும் அதை அகற்றிவிட்டு, டிரம்ஸ்காரரின் காதில் தலைமுடி மறைக்கும்படி இயர்போன் கொடுங்கள். சிம்பல் என்னும் உலோகத் தட்டைக் கையால் பிடித்து அடக்க வேண்டாம், அது ஆடுவதுதான் கண்ணுக்கு அழகு.

முதலில் பாட்டு முழுவதையும் அகலக் காட்சியில் இரண்டு முறை எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொருவரையும் பாட்டு முழுக்கத் தனித்தனியே நெருங்கி எடுங்கள். துண்டு துண்டாக எடுப்பது சிக்கனம் போலத் தோன்றினாலும், எடிட்டிங்கில் தேவைப்படும் இரண்டு விநாடி எப்போதும் எடுக்காமல் விட்ட இடத்தில்தான் இருக்கும். தவிலுக்கு மட்டும் இரண்டு டேக் ஒதுக்குங்கள்: விரல்களில் கூடு மாட்டி வலப்பக்கமான வலந்தலையில் வாசிக்கும் கைக்கு ஒன்று, குச்சி பிடித்து இடப்பக்கமான தொப்பியில் அடிக்கும் கைக்கு ஒன்று. அழகுக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிவிடாதீர்கள்; தவில்காரரும் கித்தார்காரரும் திடீரென்று இடக்கையர் ஆகிவிடுவார்கள். கித்தாரில் வயர் செருகியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; வயரில்லாத எலக்ட்ரிக் கித்தார் முழங்கும் படங்களுக்குக் குறைவில்லை.

கேள்வி: ஆடி மாதத்தில் வயல்வெளியில் எடுக்கலாமா? அணைக்கட்டில் எடுக்க ஆசை.
– வாசகர், வண்ணாமடை

பதில்: தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் மாதம் அது. தலைமுடியும் துணியும் பறப்பது பாட்டுக்குப் பொருந்தினால் எடுங்கள். ஆனால் சிம்பல் ஸ்டாண்டும் விளக்குத் தாங்கியும் சாயாதபடி ஒவ்வொரு காலிலும் மணல் மூட்டை வைத்தாக வேண்டும். காலையில் முன்னதாகத் தொடங்குவது நல்லது. அணை வளாகத்தில் கேமராவோடு நுழையும் முன்பே, பொறுப்பிலுள்ள அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்றுவிடுங்கள்.

கேள்வி: காட்சி மெதுவாக நகர வேண்டும்; உதடு மட்டும் பாட்டோடு ஒட்ட வேண்டும். முடியுமா?
– மாணவி, மீனாட்சிபுரம்

பதில்: முடியும். எடிட்டிங் 25 ஃபிரேம் கணக்கில் என்றால், 50 ஃபிரேமில் 1/100 ஷட்டர் வைத்து எடுங்கள். படப்பிடிப்பில் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடகர் அந்த வேகத்துக்கே பாட வேண்டும். பாதி வேகத்தில் ஓட்டும்போது உதடு சரியாகவும் அசைவு மிதப்பாகவும் அமையும். இரு மடங்கு வேகத்தில் தமிழ் வரிகள் நாக்கில் சிக்கும் என்பதால் முந்தைய இரவே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். பல்லவியின் நீண்ட வரிகளுக்கு மட்டும் இந்த உத்தி போதும். தவிலில் முத்தாய்ப்பாக வாசிக்கும் தீர்மானத்தை இப்படி எடுக்க நினைக்காதீர்கள். இரு மடங்கு வேகத்தில் அதை வாசிக்கக் கை கிடைக்காது. அந்த இடத்தை வழக்கமான வேகத்திலேயே எடுத்துவிடுங்கள்.