கோயில் தலைவரைத் திருடனாக்காதீர்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து முனியாண்டி கோயிலை வைத்து உருவகக் கதை எழுதினேன். தலைவர் உண்டியல் பணத்தைத் தின்கிறார், கடைசியில் சூலம் எழுந்து அவரைக் குத்துகிறது. சாமியைக் கேவலப்படுத்திவிட்டதாக வாட்ஸ்அப் குழுவில் திட்டுகிறார்கள். எங்கே தப்பு?

பதில்: தப்பு சாமியிடம் இல்லை, தலைவரிடம். அவர் திருடன் என்றால், படிக்கிறவர் ‘அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆளை மாற்று’ என்று கதையை முடித்துக்கொள்வார். ஆள் மாட்டிக்கொள்வான், அமைப்பு தப்பித்துவிடும். அமைப்பைத்தான் கேள்வி கேட்கிறீர்கள் என்றால் தலைவர் யோக்கியனாக இருக்கவேண்டும். கணக்கில் ஒரு சென் பிசகாத, காப்புக் கட்டினால் விரதம் தவறாத ஆள்.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இதைத்தான் செய்தார். அதில் இவான் தன் தம்பி அல்யோஷாவுக்கு ஒரு கதை சொல்கிறான். 16ஆம் நூற்றாண்டு, ஸ்பெயினின் செவில் நகரம். திரும்பி வந்த கிறிஸ்துவைத் தொண்ணூறு வயதுக் கார்டினல் (கத்தோலிக்கச் சபையின் உயர்குரு) பிடித்துச் சிறையில் போடுகிறார். அந்தக் கிழவர் அயோக்கியர் அல்ல. வனாந்தரத்தில் கிழங்கு தின்று தவம் கிடந்தவர். ஜனங்களால் சுதந்திரத்தைச் சுமக்க முடியாது, அற்புதமும் மர்மமும் அதிகாரமும் இருந்தால் நிம்மதியாக இருப்பார்கள், அதை நாங்கள் கொடுக்கிறோம் என்று வாதாடுகிறார். வாதம் நம்மையே அசைக்கும். கைதி சிறையில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கிழவருக்கு ஒரு முத்தம், அவ்வளவுதான். கிழவர் கதவைத் திறந்து ‘போ, இனி வராதே’ என்கிறார். அது கத்தோலிக்கச் சபையைப் பற்றியது, நமக்கென்ன என்று யாராவது கிளம்புவார்கள். நான் அதன் மதத்தைக் கடன் வாங்கச் சொல்லவில்லை, கட்டுமானத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் தலைவருக்கும் வாதம் கொடுங்கள். கம்பிக் கதவு இல்லாவிட்டால் சிலை போய்விடும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதியாவிட்டால், தோட்டம் கைமாறும்போது கோயிலுக்காகப் பேச அமைப்பு இருக்காது. ரசீது போடாவிட்டால் நாளைக்குக் கேள்வி வரும். மூன்றும் உண்மை. அந்த மூன்று உண்மையும் சேர்ந்துதான், முன்பு விடியுமுன் மரத்தடியில் தானே சூடம் காட்டி, சுருட்டு வைத்துவிட்டு நிரைக்கு, அதாவது தன் பங்கு ரப்பர் மர வரிசைக்கு, போன பால்வெட்டுக்காரரை இன்று பூட்டுக்கு வெளியே நிறுத்துகின்றன. வலி அங்கே இருக்கிறது. கூடவே முனியாண்டி ‘சிவமுனீஸ்வரர்’ ஆகிறார், சுருட்டும் கள்ளும் நிற்கின்றன. சாமியை யாரும் கேட்கவில்லை.

குறியீட்டுக்கு வருகிறேன். சூலம் என்றால் நீதி, உண்டியல் என்றால் பேராசை, நாய் என்றால் விசுவாசம் என்று அடுக்கினால் அது விடைத்தாள். பொருள் முதலில் பொருளாக இருக்கட்டும். ஒரே குறியீடு மூன்று முறை வரவேண்டும், ஒவ்வொரு முறையும் ஏதோ மாறியிருக்கவேண்டும். முதலில் மண்ணில் நட்ட சூலம், நுனியில் எலுமிச்சம்பழம். காய்ந்தால் அந்த வழியாகப் போகிறவர் யாரோ மாற்றிவிடுவார். அடுத்து சிமெண்டு மேடை. பழம் மாற்றுவது உபயப் பட்டியலில் ஏறிவிட்டது. மூன்றாவதில் பூட்டு. வெட்டுக்காரர் பழத்தைப் பூட்டில் செருகிவிட்டு நிரைக்குப் போகட்டும். சூலம் எழுந்து யாரையும் குத்தவேண்டாம்.

இதைவிடப் பெரிய குறியீடு ஒன்று உங்கள் தோட்டத்திலேயே கிடக்கிறது. பால்குடத்தில் இருப்பதற்கும் ரப்பர் மரத்தில் வடிவதற்கும் தமிழில் ஒரே சொல், பால். மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், வடிந்த பாலை அப்படியே விட்டால் தானே உறைந்து நாறும். தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் விட்டு, தட்டில் உறையவைத்து, உருளையில் பிழிந்து, புகை போட்டு உலர்த்தினால் பழுப்பு ரப்பர் சீட்டாகும். மாதக்கணக்கில் கெடாது, ஆனால் மறுபடி ஓடவும் ஓடாது. அமைப்பாகிவிட்ட கோயிலும் அப்படித்தான். ஆசிட்டை வில்லனாக்கிவிடாதீர்கள், வெட்டுக்காரர் எவரும் சிரிப்பார். அது இல்லாமல் சீட்டும் இல்லை, சம்பளமும் இல்லை. தோட்டம் இப்போது செம்பனைக்கு (பாமாயில் மரத்துக்கு) மாறியிருந்தால் கதையை 1970களுக்குத் தள்ளுங்கள். குலை வெட்டுகிறவர் கையில் மங்கைக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு பக்கம் புதுமைப்பித்தன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைக்கு வந்த கடவுள், பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு 25 ரூபாய் ஜீவிய (ஆயுள்) சந்தா கட்டுகிறார். அங்கே சிரிப்பு சாமியைத் திட்டுவதில் இல்லை. சந்தாதான் சிரிக்கவைக்கிறது.

திட்டுகிறவர்களில் பாதிப் பேர் முழுக் கதையைப் படித்திருக்கமாட்டார்கள், ஸ்கிரீன்ஷாட்டைத்தான் பார்த்திருப்பார்கள். அதிலும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, ‘தமிழர் பண்பாட்டைக் காப்போம்’ என்று முடிப்பார்கள். ஒற்றுப் பிழையைத் திருத்தக்கூட வழியில்லாத பண்பாடு! சரி, அது வேறு கதை.

ஒரு எச்சரிக்கை, பயமுறுத்த அல்ல. மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதற்கு மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 298ஆம் பிரிவு இருக்கிறது. உண்மையான தோட்டப் பெயர், அடையாளம் தெரிகிற தலைவர், அவருடைய கார் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உருவகத்துக்கு அவை தேவையும் இல்லை. திருத்தி எழுதும்போது முதலில் கடைசிப் பத்தியை வெட்டுங்கள். பிறகு தலைவர் பேசுகிற இடத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். ‘இவர் சொல்வதும் சரிதானே’ என்று உங்களுக்கே ஒரு நிமிடம் தோன்றவில்லையென்றால் அந்தப் பகுதியை மறுபடி எழுதுங்கள்.