விடுமுறை முடிய ஒன்பது நாள்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 34 வயது. ஒரே மகள், 5 வயது. இதுவரை அரைநாள் மழலைப் பள்ளிக்குத்தான் போனாள். கோடை விடுமுறை முடிந்ததும் முழுநாள் பள்ளி. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. இந்த ஒன்பது நாளாவது அவளுக்கு நல்லபடியாக அமைய வேண்டும் என்று கிடந்து தவிக்கிறேன். வீட்டில் ஒருத்தரும் ஒத்துழைப்பதில்லை. அதுதான் என் பிரச்சினை.

விடுமுறை ஆரம்பித்த அன்றே பன்னிரண்டு விஷயங்களை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பட்டம் விடுவது, கடலுக்குப் போவது, மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்ப்பது, சைக்கிள் பழகுவது, இப்படி. எதுவும் பெரிய செலவு இல்லை. ஒன்பது முடிந்துவிட்டது, மூன்று பாக்கி. அந்த ஒன்பதையும் நான்தான் இழுத்துப் பிடித்துச் செய்தேன். என் கணவர் வரவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வருவார். வந்தும் வராத மாதிரி இருப்பார். எப்போதும் ஃபோனும் கையும்தான்.

கடலுக்குப் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். சாயங்கால வெயில் மஞ்சளாக, அவ்வளவு நன்றாக இருந்தது. மகளை அலை ஓரத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்கப் பார்த்தேன். இவர் குறுக்கே குறுக்கே வந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போய் மணலில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு மணி நேரம் குழி! அவள் முழங்கால் ஆழம் போனதும் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்தது. அதற்கு அவள் போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். குழி தோண்டவா கடல் வரைக்கும் போவார்கள்? அதற்குள் என் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதில் ஒரு படம்கூட என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்து "இன்னைக்கு உனக்கு என்ன பிடிச்சுது?" என்று கேட்டால் "குழி" என்கிறாள்.

என் மாமியார் ஃபோன் செய்தால், "நாங்கல்லாம் லிஸ்ட் போட்டா பிள்ளை வளர்த்தோம்?" என்று சிரிக்கிறார். அவருக்குச் சிரிப்பு. இனி இந்த வயது திரும்பி வருமா? ஒரு விஷயம் எப்படி முடிகிறதோ அப்படித்தான் முழுவதும் நினைவில் நிற்கும் என்று எங்கோ படித்தேன். அதனால்தான் இந்தக் கடைசி நாட்களுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன். நேற்று மாலை பட்டத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால், "இன்னைக்கு ஒண்ணும் வேணாம்மா, சும்மா இருக்கலாமா?" என்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் ரொம்பச் சமர்த்து. "அப்பாகிட்ட போய்ச் சாப்பிட வரச் சொல்லு" என்று அனுப்பினால், அங்கே போய், "அப்பா, சாப்பிட வரணுமாம். அம்மா கோபமா சொல்லலப்பா" என்று தானாகவே சேர்த்துச் சொல்வாள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இப்போது ஒரு வாரமாகத் தூங்கப் போகும்போது ஒரே கேள்வி. "நான் ஸ்கூலுக்குப் போனா வீட்டில யாரும்மா இருப்பாங்க?" நானும் அப்பாவும் என்றால், "ரெண்டு பேர் மட்டுமா?" என்கிறாள். அப்புறம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள். பள்ளிப் பயம் போலிருக்கிறது.

இவருக்கு வீட்டிலிருந்தே வேலை, மதியம் இரண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். பள்ளி திறந்துவிட்டால் காலை எட்டரையிலிருந்து இரண்டு மணிவரை வீட்டில் நானும் அவரும் மட்டும்தான், அதை விடுங்கள். என் கவலையெல்லாம் இவளைப் பற்றித்தான். அந்த ஃபோனைக் கீழே வைத்துவிட்டு இந்த ஒன்பது நாளாவது கூட நிற்க வேண்டும் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பாக்கி மூன்றையும் முடித்து, இந்தக் கோடையை அவள் மனதில் நிற்கும்படி எப்படிச் செய்வது?

— பெயர் வேண்டாம்


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் பக்கம் நின்றுதான் படித்தேன். வேகாத வெயிலில் பட்டமும் பையுமாக ஒரு குழந்தையை இழுத்துக்கொண்டு அலைவது என்ன பாடு என்று தெரியும். இரண்டாம் முறை படித்தபோது ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். "காலை எட்டரையிலிருந்து இரண்டு மணிவரை வீட்டில் நானும் அவரும் மட்டும்தான், அதை விடுங்கள்."

ஏன் விட வேண்டும்? பட்டத்துக்கும் குழிக்கும் மாமியாரின் சிரிப்புக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்த நீங்கள், இதற்கு ஒரு வரி கொடுத்து உடனே அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள். ஆலோசனைக்கு நேரில் வருகிறவர்களும் இப்படித்தான். முக்கால் மணி நேரம் எதையெதையோ பேசுவார்கள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல மேடம்" என்று ஒன்றைச் சொல்வார்கள். அதைச் சொல்லத்தான் வந்திருப்பார்கள்.

பட்டியலை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். முடிவுதான் நினைவில் நிற்கும் என்று நீங்கள் படித்தது, உளவியலாளர் டேனியல் கானெமனும் அவருடைய கூட்டாளிகளும் 1993-ல் வெளியிட்ட ஆய்வின் வழியாக வந்த பேச்சாக இருக்கும். பெரியவர்களை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதன்பிறகு மேலும் 30 விநாடி, அந்தக் கடைசி 30-ல் நீரை 15 டிகிரிக்கு லேசாகச் சூடேற்றினார்கள். மறுபடி எதைச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முடிவில் வலி கொஞ்சம் குறைந்ததால், மொத்தமும் பரவாயில்லை என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. குளிர்நீரில் வைத்த கையை வைத்து ஐந்து வயதுக் குழந்தையின் கோடையை அளக்க முடியாது. அதோடு, ஐந்து வயதில் நடந்ததில் பெரும்பகுதி வளர்ந்த பிறகு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. பலருக்கு முதல் நினைவே மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது, ஏழு வயதுவரை துண்டு துண்டாகத்தான் நிற்கும். எந்தத் துண்டு நிற்கும் என்று பட்டியல் போட்டு முடிவுசெய்யவும் முடியாது. வீட்டில் பிறகு சேர்ந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற சம்பவங்கள் நிற்க வாய்ப்பு அதிகம். உங்கள் மகள் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லியாயிற்று: குழி.

அந்தத் தாளைக் கழற்றிவிடுங்கள். சும்மா இருக்கலாமா என்று ஒரு குழந்தை கேட்பது உங்களை மறுப்பது ஆகாது. சொல்லப்போனால், உங்களோடு இருந்தால் போதும் என்றுதானே கேட்டிருக்கிறாள்?

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மாமியார் பேசுகிறார், மகள் நான்கைந்து இடத்தில் பேசுகிறாள். உங்கள் கணவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எதற்கும் இன்னொரு முறை தேடிப் பார்த்தேன், இல்லை. நீங்கள் அவரிடம் பேசியதாக இருப்பதும் ஒரே வாக்கியம்தான்: தள்ளி நில்லுங்கள். அதைத்தான் அவர் செய்தார். தள்ளிப் போய், உங்கள் மகளுக்கு இந்தக் கோடையில் மிகவும் பிடித்த ஒரு மணி நேரத்தைத் தோண்டிக் கொடுத்தார். நீங்கள் அதைக் குற்றப் பட்டியலில் சேர்த்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வழக்கில் உங்களுக்குச் சாதகமாக என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அவர் மேல் தவறே இல்லை என்று சொல்லவில்லை. எந்நேரமும் ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவரோடு வாழ்வது தனியாக வாழ்வதைவிடத் தனிமையாக இருக்கும். ஆனால் கடிதம் எழுதியது நீங்கள், அதனால் உங்களோடுதான் பேச முடியும்.

"அம்மா கோபமா சொல்லலப்பா." சிரிப்பு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரவில்லை. ஐந்து வயதுக் குழந்தை ஒரு செய்தியை வாங்கிக்கொண்டு பத்தடி நடந்து போவதற்குள், அதில் இருக்கிற முள்ளை எடுத்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கோபம் இல்லாத வீட்டில் எந்தக் குழந்தைக்கும் "கோபமாகச் சொல்லவில்லை" என்று சொல்லத் தோன்றாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். அவளே வேலைக்குச் சேர்ந்துகொண்டாள்.

இதைக் குடும்ப ஆலோசனையில் முக்கோணம் என்போம். முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் விளக்கிச் சொன்னது. இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது, அவர்களை அறியாமலேயே மூன்றாவதாக ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இறுக்கம் தீராது, ஆனால் தாங்கிக்கொள்ளும்படி ஆகிவிடும். மூன்றாவது ஆள் பெரும்பாலும் வீட்டுக் குழந்தைதான். உங்கள் வீட்டில் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாமே அவள் வழியாகத்தான் போய்வருகிறது. இந்த ஒன்பது நாள் கணக்குக்கூட அப்படித்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. முடியப் போகிற கோடையைப் பற்றித்தான் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறீர்கள். பத்தாவது நாள் காலை எட்டரைக்கு அந்த வீட்டில் யார் முதலில் பேசுவது என்பது உங்களுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாவது வேலை முடிந்துவிட்டால் அந்தக் காலை வந்துவிடும். ஒருவேளை அதனால்தான் மூன்று இன்னும் பாக்கியாக நிற்கிறதோ என்னவோ. இது என் ஊகம், தவறாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

ராத்திரிக் கேள்வியை மட்டும் ஊகம் என்று ஒதுக்க வேண்டாம். "ரெண்டு பேர் மட்டுமா?" என்பது பள்ளியைப் பற்றிய கேள்வியே கிடையாது. பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தைகளில் ஒரு பிரிவினரைப் பற்றி ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1973-லேயே எழுதியிருக்கிறார்: தான் இல்லாத நேரத்தில் வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, காவலுக்கு வீட்டிலேயே தங்கிவிடப் பார்க்கிறவர்கள். உங்கள் மகள் அவ்வளவு தூரம் போகவில்லை. நாளைக்குத் தன் வேலையை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறாள், அவ்வளவுதான். விடுப்பில் போகிறவர் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்பதில்லையா, அந்த மாதிரி.

ஆகவே இந்த ஒன்பது நாளில் செய்ய ஒரே ஒரு வேலை சொல்கிறேன். இன்றிலிருந்து மகளிடம் சொல்லி அனுப்பாதீர்கள். சாப்பாடோ, மின்கட்டணமோ, நீங்களே எழுந்து போய் அவர் இருக்கும் அறை வாசலில் நின்று சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் குரல் விறைப்பாகத்தான் வரும். வரட்டும். அவள் நடுவில் ஓடி வந்து மொழிபெயர்க்கப் பார்ப்பாள். "நான் அப்பாகிட்ட பேசிக்கிறேன்டா, நீ போய் விளையாடு" என்று சொல்லிவிடுங்கள். வாய் தவறி அனுப்பிவிட்டால் அதற்காக நொந்துகொள்ள வேண்டாம், அடுத்த முறை எழுந்து போங்கள்.

அப்புறம், எனக்கு எழுதிய அந்த வரியை அவரிடம் சொல்ல முடியுமா என்று பாருங்கள். "ஃபோனைக் கீழே வையுங்கள்" என்பதை விட்டுவிட்டு, "அவள் பள்ளிக்குப் போய்விட்டால் காலையில் நாம் இரண்டு பேரும் என்ன செய்வோம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது" என்று. ஃபோனைப் பற்றி ஆயிரம் முறை கேட்டிருப்பார். இதைக் கேட்டிருக்க மாட்டார். அவருக்கும் அதே பயம் இருக்கலாம். நாள் முழுக்க ஃபோனைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஃபோனைத்தான் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேசத் தொடங்கி அது சண்டையாகவே முடிந்துகொண்டிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள். அடி, மிரட்டல் என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. அப்படி ஒன்று இருந்தால் நான் இதுவரை சொன்னது பொருந்தாது, உங்கள் பாதுகாப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும், எனக்குத் தனியாக எழுதுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். குழி தோண்டிய நேரத்தில் உங்கள் ஃபோனில் சார்ஜ் இல்லை, ஒரு படம்கூட இல்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். எப்போதும் ஃபோனும் கையுமாக இருக்கிற மனிதர் அவர். அவரிடம் இருக்கலாம். போய்க் கேட்டுப் பாருங்கள். மகளை அனுப்பாமல்.