பவர் சப்ளை எரிந்துபோனது: வழக்குப் போடலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வீட்டிலேயே மோட்டார் சைக்கிளின் அலுமினியப் பாகங்களுக்கு அனோடைசிங் (அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி மேலே ஒட்சைட்டுப் படலம் ஏற்றுவது) செய்து கொடுக்கிறேன். யாழ்ப்பாண நகரில் வாங்கிய 30 வோல்ற், 10 அம்பியர் பவர் சப்ளை மூன்றாம் வாரமே புகைந்துவிட்டது. கேட்கப் போன என்னைக் கடைக்காரர் ஆட்களுக்கு முன் அவமானப்படுத்தினார். அவரை விடக்கூடாது ஐயா.

பதில்: தம்பி, அவமானத்தை ஒருபுறம் வையுங்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் உங்களுக்கு முதலில் முக்கியமானது இதுதான்: என்ன வேலைக்கு என்று சொல்லி, அவருடைய அறிவை நம்பி வாங்கினீர்களா? நீங்கள் அனுப்பிய வட்ஸ்அப்பில் “இந்த மொடல் இருக்கா அண்ணை?” என்பது மட்டுமே இருக்கிறது. அனோடைசிங் என்ற சொல்லே இல்லை.

மிஞ்சுவது, சாமானே பழுது என்ற வாதம். பாகங்களின் மேற்பரப்பில் சதுர டெசிமீற்றருக்கு 1.5 அம்பியர் என்றால், ஒரே தடவையில் நீங்கள் தொங்கவிட்ட 12 சதுர டெசிமீற்றருக்கு 18 அம்பியர் வேண்டும். 10 அம்பியர் பெட்டி போதாதுதான். ஆனாலும் அதன் மின்னோட்டக் கட்டுப்பாடு சரியாக இருந்தால் 10இலேயே நின்றிருக்கும், எரிந்திருக்காது. இது உங்களுக்குச் சாதகம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோதுதான் மனம் சோர்ந்தது. பெட்டியின் மின்முனைகள் அரித்துப் பச்சை பூத்திருக்கிறது; பெட்டியின் காற்றாடிக்கு ஒரு சாண் தள்ளி கந்தக அமிலத் தொட்டி. அமிலப் புகையைப் பெட்டிக்குள் இழுக்கவிட்டது நீங்கள்தான் என்று எதிர்த்தரப்பு இந்தப் படத்தையே காட்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் வளவுக்குள் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் முதற் கேள்வி, “சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா?” அடுத்தது, “பாவித்த அமிலத்தை எங்கே ஊற்றினீர்கள்?” வாழையடியில் என்று எனக்கே எழுதியிருக்கிறீர்கள். நமது நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போகும். சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பானதை மறக்க வேண்டாம். பொருளின் காசைக் கேட்கப் போய், தன் தொழிலைத் தானே சாட்சிக் கூட்டில் ஒப்புக்கொண்டு, பிறகு அயலவரின் முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லி அலைந்த கட்சிக்காரரைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சமரசமாகப் போங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம், இனிக் கோபத்தில் ஒரு செய்தியும் அனுப்ப வேண்டாம். நம்பிக்கையான ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், பாதி விலையைக் கழித்துப் பெரிய சப்ளை தரும்படி கேளுங்கள். சம்மதித்தால் இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்த முறை என்ன வேலைக்கு, எத்தனை அம்பியர் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

வாழையடியில் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை உங்கள் வீட்டாரும் குடிக்கிறார்கள்.