மஞ்சளாகத் தெரிந்த இடமெல்லாம் யூரியா கேட்கிறதா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் பிசான (ஐப்பசி, கார்த்திகை மழைக்காலப் பருவ) நெல். நட்டு 25 நாள் ஆகிறது. போன் செயலியில் வரும் செயற்கைக்கோள் படத்தில் வயலின் தலைமடைப் பக்கம், அதாவது தண்ணீர் உள்ளே வரும் பக்கம், மஞ்சளாகத் தெரிகிறது. அங்கே மட்டும் யூரியாவைக் கூட்டிப் போடலாமா?

பதில்: இன்றைக்கே மூட்டையைப் பிரிக்க வேண்டாம், அண்ணாச்சி. 25 நாள் பயிர் இன்னும் வயலை மூடியிருக்காது. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு இலையோடு தொளியும் (சேறும்) தண்ணீரும் சேர்ந்தே தெரியும். பயிர் கொஞ்சம் கலக்கமாக, இடைவெளி விட்டு நின்றாலே படம் மஞ்சளாகிவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் எடுப்பவை. அதில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். வரப்போரப் புள்ளியில் பக்கத்து வயலும் தென்னை நிழலும் கலந்திருக்கும். ஐந்து நாளுக்கு ஒரு படம் என்பது கணக்குதான். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விட்டால்தானே! மேலுரம் போடும் நேரமும் அடைமழை நேரமும் ஒன்றாக வருவதுதான் பிசானத்தின் சிக்கல். மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் உண்டு, ஆனால் அது இலையின் பச்சையைச் சொல்லாது.

அப்படியானால் படம் எதற்கு? வயலில் எந்த இடத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று காட்ட. மஞ்சள் பகுதிக்குப் போய் இலையைப் பாருங்கள். அடி இலைகள் நுனியிலிருந்து சீராக வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் இருந்தால் துத்தநாகக் குறையாக இருக்கலாம்; அதற்கு யூரியா மருந்தல்ல. உங்களுக்குத் தலைமடையில்தான் வெளுப்பு என்பதால் இன்னொரு சந்தேகமும் வருகிறது. முன்பு போட்ட யூரியா கரைந்து, தண்ணீரோடு கீழே இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் முதலில் மடையைக் கட்ட வேண்டும்.

அளவை முடிவு செய்ய இலை வண்ண அட்டை போதும்; வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள அட்டை அது. காலை 8 முதல் 10 மணிக்குள், முழுசாக விரிந்த இளம் இலையை உங்கள் உடம்பு நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். மஞ்சள் பகுதியில் பத்து இலை, பச்சைப் பகுதியில் பத்து இலை. அட்டையில் இருக்க வேண்டிய எண் பெரும்பாலான ரகங்களுக்கு 4, வெள்ளைப் பொன்னிக்கு 3. பத்தில் பாதிக்கு மேல் அதற்குக் கீழே இருந்தால் அந்தப் பகுதிக்கு ஏக்கர் கணக்கில் 26 கிலோ யூரியா, அதாவது 12 கிலோ தழைச்சத்து. தண்ணீரை வடித்து, மழை வெறித்த நாளில் போடுங்கள். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, பூக்கும்வரை இப்படிப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. மூன்று சென்ட்டுக்குத் தனி வரப்புக் கட்டி, அங்கே மட்டும் யூரியாவை ஒன்றரை மடங்காகப் போட்டு வையுங்கள். மற்ற வயலும் அதே பச்சையில் நின்றால் தழைச்சத்து போதும், கை நீட்ட வேண்டாம். அந்தத் துண்டு செயற்கைக்கோளுக்குச் சரியாகத் தெரியாது. வரப்பில் நிற்கிற உங்களுக்குத் தெரியும். அதில் குலைநோய் என்ற பூஞ்சை நோய் முதலில் வந்தாலும் ஆச்சரியமில்லை. மார்கழிப் பனியில் கொழுத்த பயிரைத்தான் அது தேடி வரும்.