மரு திரும்ப வந்தால் மாத்திரை தீர்க்குமா?

கேள்வி: பிறப்புறுப்பில் வந்த மருக்களை இரண்டு முறை சுட்டு எடுத்தார்கள், மீண்டும் வந்துவிட்டன. நோய் எதிர்ப்பைத் தூண்டும் களிம்பு தடவலாம் என்கிறார் மருத்துவர். நண்பரோ, 'ஆன்டி ஆக்ஸிடன்ட் என்சைம்' மாத்திரை வேரோடு போக்கிவிடும் என்று ஒரு டப்பா 2,000 ரூபாய்க்குத் தருகிறார். எதை நம்புவது? மனைவியிடம் சொல்ல வேண்டுமா? (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: களிம்பை வாங்குங்கள். டப்பா நண்பரிடமே இருக்கட்டும்.

சுட்டபோது போனது கண்ணுக்குத் தெரிந்த மரு மட்டும்தான். சுற்றிலும் நன்றாகத் தெரியும் தோலிலும் மருவை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் தங்கியிருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு அதன் 6, 11 ஆகிய வகைகளே காரணம். ரத்தத்தில் கலக்காமல் மேல்தோலோடு நின்றுவிடுவதால், இது எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் எளிதில் படுவதில்லை. மருத்துவர் சொல்லும் வகையைச் சேர்ந்த இமிக்விமாட் களிம்பு, வைரஸை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரானை அந்த இடத்திலேயே சுரக்கவைத்து அந்த அணுக்களை வரவழைக்கிறது. 5 சதவீதக் களிம்பு என்றால் வாரத்தில் 3 இரவுகள், ஒன்றுவிட்டு ஒருநாள், மருவின் மேல் மெல்லியதாகத் தடவி, 6 முதல் 10 மணி நேரத்தில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதிகபட்சம் 16 வாரம். சிவக்கும், எரியும், அதற்குப் பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். புண்ணாகிவிட்டால் மட்டும் நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். களிம்பு ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதால், தடவியிருக்கும்போது உறவு கூடாது. இதற்கும் மசியாவிட்டால், எதிர்ப்பைத் தூண்ட மருவுக்குள்ளேயே எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி மருந்தைச் செலுத்தும் முறையும் நம் தோல் மருத்துவர்களிடம் உண்டு.

மாத்திரைக்கு வருவோம். சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் (செல்களைச் சிதையாமல் காக்கும்) என்சைம்களை நம் செல்கள் தாமே தயாரித்துக்கொள்கின்றன. மரு உள்ளவர்களிடம் இவற்றின் அளவு மாறியிருப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அதற்காக, விழுங்கினால் மரு உதிர்ந்துவிடும் என்று ஆகாது. என்சைம் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் காலையில் தின்ற முட்டையைப் போலப் பெரும்பாலும் செரித்துப்போகும். சிலருக்கு மரு தானாகவே மறையும். அந்த மாதம் பார்த்து மாத்திரை சாப்பிட்டிருந்தால் பெயர் மாத்திரைக்கு! புகைப்பவரானால், அதை நிறுத்துவது இந்த டப்பாவைவிட உருப்படியான காரியம்.

மனைவியிடம் கட்டாயம் சொல்லுங்கள். வைரஸ் தொற்றி மரு தலைகாட்ட வாரங்கள் ஆகலாம், மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று நாள் குறிக்க முடியாது. மருவை வைத்துச் சந்தேகப்படுவதற்கு இடமே இல்லை. 6, 11 வகைகள் புற்றுநோயில் கொண்டுபோய் விடுவது மிக அரிது. வேறு வகைகளும் கூடவே இருக்கலாம் என்பதால், மனைவி 30 வயதைக் கடந்தவரானால் அவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அவசியம். அவர் கர்ப்பமாக இருந்தால் உங்கள் களிம்பை அவருக்குத் தடவிவிடாதீர்கள்; உறையவைத்து எடுப்பது போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. சிபிலிஸ், எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைகளை இருவருமே செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் இதற்குக் கட்டணம் கிடையாது.