சிமுலேஷன் இவ்வளவு வளர்ந்த பிறகும் ஆளில்லாக் கடல் வாகனங்களைத் தண்ணீரில் இறக்கி மாதக்கணக்கில் சோதிக்க வேண்டுமா?

இது உங்கள் கேள்வியா, உங்கள் மேலாளர் கேட்டதா? படகு வாடகை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ கேட்டது மாதிரியே இருக்கிறது. என்னிடமும் இப்படித்தான் கேட்டார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிமுலேஷனுக்கு நான் எதிரி இல்லை. காஸிபோ (Gazebo) என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் நாங்கள் ஏரிக்குக் கொண்டுபோனதில்லை. கட்டுப்பாட்டு நிரலில் உள்ள பாதிப் பிழைகள் அதிலேயே தெரிந்துவிடும். "பழைய ஆள், புதுசு பிடிக்கவில்லை" என்று எழுத வருகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துக்கொள்ளவும்.

நான் கும்மிடிப்பூண்டிக்காரன். தண்ணீரின் ஆழம், உப்பு, கலங்கல், கரைந்த ஆக்ஸிஜன் ஆகியவற்றை அளக்கும் மிதவை வாகனங்கள் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. இரண்டு மிதவை, இரண்டு மோட்டார், நடுவில் சென்சார் பெட்டி, அவ்வளவுதான் வண்டி. கடலில் விடுவதற்கு முன் பழவேற்காடு ஏரியில் ஓட்டிப் பார்ப்போம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, முகத்துவாரம் நம் பக்கம். ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் சொச்சம். பெரிய அலை இல்லை, தொலைந்தாலும் தேடி எடுத்துவிடலாம் என்ற தைரியம்.

திட்டப்படி வண்டி ஏர் ஓட்டுவது போல் நேராகப் போய், திரும்பி, பக்கத்துச் சாலில் வர வேண்டும். எதிரில் ஏதாவது இருந்தால் லைடார் (லேசர் ஒளியை அனுப்பித் தூரம் பார்க்கும் கருவி) பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். கணினியில் அருமையாக ஒதுங்கியது. ஏரியில் இறால் வலைக்காகக் கழிகள் நட்டு வைத்திருந்தார்கள். லைடாருக்குக் கழி தெரிந்தது. கழிக்கும் கழிக்கும் நடுவே, தண்ணீருக்குள் நிற்கும் வலை தெரியவில்லை. எங்கள் லைடாரின் ஒளி தண்ணீருக்குள் போய்ப் பார்க்காது. இரண்டு கழிக்கு நடுவே நல்ல அகலமான வழி இருக்கிறது என்று வண்டி முடிவு செய்து நேராக உள்ளே போய்விட்டது. நைலான் இரண்டு மோட்டாரிலும் சுற்றிக்கொண்டது.

வலை கிழிந்தது மட்டும் என்றால் பணத்தோடு போயிருக்கும். பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று ஊரில் குலுக்கல் போட்டு முறை வைப்பார்கள். முறை வந்தவருக்கு அன்றைக்குத்தான் அந்த இடம். எங்கள் வண்டி கெடுத்தது ஒரு வலையை மட்டும் இல்லை, ஒரு குடும்பம் காத்திருந்து வாங்கிய நாளையும்தான். கரைக்கு வந்ததும் அந்த வலைக்கார அண்ணன் கத்தவில்லை. "தம்பி, வலையைத் தச்சுக்குவேன். என் பாட்டை யார் திருப்பித் தருவாங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு தொகை சொன்னார்கள். நியாயமான தொகை, கொடுத்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் சோதனை அட்டவணையில் முதல் வரி வானிலை இல்லை, அன்றைக்கு யார் பாடு என்பதுதான். இதை எந்த மென்பொருளில் எந்த அளவுருவாகக் கொடுப்பீர்கள்? கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்தால் சொல்லுங்கள்.

சென்சார் பக்கமும் இதே கதைதான். எதிரொலியை வைத்து ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர், ஒலியை அனுப்பிய பின் சற்று நேரம் அதன் முகப்பு அதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் திரும்பி வரும் எதிரொலி அதற்குக் கேட்காது. ஆழம் குறைந்த இடங்களில் அதனால் குப்பை எண்தான் வரும். கெட்டித் தரையாக இருந்தால் ஒலி இரண்டு முறை எகிறி, ஆழத்தை இரட்டிப்பாகக் காட்டும். கலங்கல் சென்சாரைப் பின்பக்கம் மாட்டியிருந்தோம். மோட்டார் கிளப்பிய சேற்றையே அது ஏரியின் கலங்கல் என்று சமர்த்தாக அளந்து கொடுத்தது. முன்பக்கம் மாற்றிய பிறகுதான் எண்கள் அடங்கின.

தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடும் கடத்துத்திறன் சென்சாரை ஏரியிலேயே விட்டு வைத்தபோது உப்பு அளவு நாளுக்கு நாள் இறங்கியது. ஆறு ஏதோ நன்னீர் கொண்டுவருகிறது என்று சென்னையிலிருந்து ஒரு விளக்கம்கூட வந்துவிட்டது. படகிலிருந்து புது சென்சார் ஒன்றை அருகில் இறக்கிப் பார்த்தோம், உப்பு அப்படியே இருந்தது. பழைய சென்சாரின் குழாய்க்குள் பாசியும் கொட்டலசுக் (பார்னக்கிள்) குஞ்சுகளும் ஒட்டி வழியைக் குறுக்கியிருந்தன. வழி குறுகினால் கடத்துத்திறன் குறையும், உப்பும் குறைவாகத் தெரியும். வெதுவெதுப்பான ஏரியில் இது சீக்கிரமே நடக்கும்.

மூழ்கும் வாகனம் என்றால் இன்னும் சிக்கல். ரேடியோவும் ஜிபிஎஸ்ஸும் கடல்நீருக்குள் போகாது. பேச ஒலிதான் உண்டு, அது நொடிக்கு 1500 மீட்டர் அளவில் போகும். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வண்டியிடம் கேட்டுப் பதில் வாங்க இரண்டு நொடி. பெரிய இடங்களிலும் இப்படித்தான். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2008-ல் அட்லாண்டிக்கைக் கடக்க அனுப்பிய கிளைடர் என்ற ஆளில்லா மூழ்கு வாகனம் வழியில் தொலைந்துபோனது. அடுத்ததை அனுப்பி 2009-ல் 221 நாளில் ஸ்பெயின் பக்கம் கொண்டு சேர்த்தார்கள். அவர்களிடம் நல்ல கணினி இல்லாமலா முதல் வண்டி போயிற்று?

கணக்குப் பிரிவு பற்றிச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். படகுக்காரரிடம் ஜிஎஸ்டி பில் வாங்கி வரச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட வவுச்சர் செல்லாதாம். விமானத்தில் வந்து ஓட்டலில் தங்கி, எங்கள் வண்டியைப் போட்டோ எடுத்துவிட்டுப் போன ஆலோசகரின் பில் மட்டும் மறு வாரமே பாஸ் ஆனது. படகு வாடகையை நான் என் கையிலிருந்து கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். முதலில் தொட்டியில் விடுங்கள், அப்புறம் ஏதாவது கல்குவாரிக் குட்டையில், அப்புறம் ஏரி, கடைசியாகக் கடல். பழவேற்காட்டுக்கு வருவதாக இருந்தால் அது பறவைகள் சரணாலயம், வனத்துறை அனுமதி வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கக் கடலில் இறங்க விடமாட்டார்கள், தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அனுமதிக் கடிதத்தைத் தெலுங்கிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆந்திராவில் தடா ஊர்ப் பக்கம் நிறுத்திக் கேட்டால் உதவும்.