ஹீரோ கம்பி நீட்டிவிட்டார், என் வீட்டுப் பத்திரம்?

கேள்வி: என் மனைவியின் தம்பி சினிமா எடுக்கிறார். சொந்த கம்பெனி, அவரே இயக்கம், முதல் படம். ஓரளவு பெயர் தெரிந்த ஒரு ஹீரோவுக்கு 15 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, பூஜையும் போட்டாயிற்று. ஷூட்டிங்குக்கு 19 நாள் இருக்கும்போது, 'சார் இந்தப் படம் பண்ணல, தப்பா நினைச்சுக்காதீங்க' என்று ஹீரோவின் மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அட்வான்ஸ் இன்னும் திரும்பவில்லை. வீட்டுப் பத்திரத்தையும் மனைவியின் நகையையும் அடகு வைத்து நான் 40 லட்சம் கொடுத்திருக்கிறேன். கேஸ் போட்டு அவரை நடிக்க வைக்க முடியுமா? மச்சான், 'பேசிக் கூட்டிட்டு வந்துடறேன், இன்னும் ஒரு பத்து லட்சம் மட்டும் புரட்டுங்க' என்கிறார். கதைச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: முதலில் அந்தப் பத்து லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

நடிக்க வைக்க முடியுமா என்றால், முடியாது. ஒருவருடைய சொந்தத் திறமையை நம்பிப் போட்ட ஒப்பந்தத்தை, 'போய் வேலையைச் செய்' என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் சொல்வது அதுதான். யோசித்துப் பாருங்கள், போலீஸ் கூட்டிவந்து நிறுத்திய ஹீரோ காதல் காட்சியில் எப்படிச் சிரிப்பார்? இந்தப் படத்தை முடிக்காமல் வேறு படத்தில் நடிக்கக் கூடாது என்று தடை கேட்கலாம். அதுவும் சுலபத்தில் கிடைப்பதில்லை. 2023-ல் ஒரு கால்ஷீட் தகராறில் தயாரிப்பாளர் அப்படித்தான் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் நடிகரை 1 கோடி ரூபாய் உத்தரவாதமாகக் கட்டச் சொன்னது.

பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம். இதில் உலகப் புகழ் பெற்றது ஹாலிவுட் நடிகை கிம் பேசிங்கர் வழக்கு. 1991-ல் 'பாக்ஸிங் ஹெலினா' என்ற படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டவர், ஷூட்டிங்குக்கு நாலு வாரம் இருக்கும்போது விலகினார். காதலித்த பெண்ணின் கை கால்களை வெட்டி, பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் டாக்டரின் கதை. (விலகியதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு முன்பே மடோனாவும் விலகியிருந்தார்.) முழு ஒப்பந்தத்தில் கையெழுத்தே ஆகவில்லை, பேச்சுவார்த்தையும் சில தாள்களும்தான் என்றது பேசிங்கர் தரப்பு. 1993-ல் ஜூரி (அங்கே வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) அதை ஏற்காமல், தயாரிப்பாளருக்குச் சுமார் 89 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அந்த வருடமே பேசிங்கர் திவால் மனு போட்டார்.

இதுவரைதான் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் மச்சானும் எங்கோ கேட்டிருப்பார். 1994-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பேசிங்கர் சொந்த முறையில் ஒப்பந்தம் செய்தாரா, அவருடைய கம்பெனி செய்ததா என்று பிரிக்காமல், 'மற்றும், அல்லது' என்று இரண்டையும் சேர்த்து ஜூரியிடம் கேட்டதுதான் காரணம். கடைசியில் வெளியே பேசி, அதைவிடக் குறைந்த தொகைக்கு முடித்துக்கொண்டார்கள். வேறு நடிகையை வைத்து எடுத்த படம் 1993-லேயே வந்து, ஓடாமல் போயிருந்தது. அதனால் உங்கள் மச்சானின் ஒப்பந்தத் தாளை எடுத்து, கையெழுத்து ஹீரோவுடையதா, அவர் கம்பெனி பெயரிலா, இல்லை மேனேஜர் போட்டதா என்று முதலில் பாருங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு சின்ன வழக்கு. 1968-ல் இங்கிலாந்தின் ஆங்லியா டெலிவிஷன் ஒரு டிவி நாடகத்துக்கு ராபர்ட் ரீட் என்ற அமெரிக்க நடிகரை ஒப்பந்தம் செய்தது. அவருடைய ஏஜென்ட் அதே தேதிகளை வேறொருவருக்கும் கொடுத்திருந்தார். சில நாட்களிலேயே ரீட் விலகினார், மாற்று ஆள் கிடைக்காமல் நாடகமே நின்றது. எவ்வளவு லாபம் வந்திருக்கும் என்று ஆங்லியாவால் நிரூபிக்க முடியாது. அதனால் செலவான பணத்தை மட்டும் கேட்டது. ரீட் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே லொகேஷன் பார்த்தது, டைரக்டருக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தது எல்லாம் அதில் சேர்த்தி. மொத்தம் 2,750 பவுண்ட். அவ்வளவையும் கொடுக்கச் சொல்லி 1971-ல் தீர்ப்பு. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவார்கள். 'படம் நூறு நாள் ஓடியிருக்கும்' என்று வாதாடுவதைவிட, செலவைக் காட்டுவது சுலபம். காட்ட முடிந்தால்.

நான் புரொடக்ஷனில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஹீரோ எட்டு நாள் இருக்கும்போது விலகினார். பொள்ளாச்சியில் லாட்ஜ் புக் ஆகிவிட்டது, டைலர் அவர் அளவுக்குப் பதினான்கு சட்டை தைத்து முடித்துவிட்டார். அவசரத்துக்கு வந்த மாற்று ஹீரோவுக்குத் தோள் சின்னது. படம் முழுக்க முதுகுப் பக்கம் துணிக் கிளிப் மாட்டித்தான் நடித்தார்; அதனால் அந்தப் படத்தில் அவர் திரும்பி நடந்து போகும் காட்சியே கிடையாது. அப்புறம் சங்கத்தில் பஞ்சாயத்து நடந்தபோது லாட்ஜ் அட்வான்ஸ், டைலர் கூலி இரண்டும் திரும்பி வந்தன, தேதி போட்ட பில் இருந்ததால். கையில் கொடுத்த பேட்டா, வண்டி வாடகை, 'அண்ணே அப்புறம் எழுதிக்கலாம்' என்று போனதெல்லாம் போனதுதான். உங்கள் மச்சானிடம் வவுச்சர் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடப் போகிறார், ஜாக்கிரதை. கம்பெனியும் படத் தலைப்பும் தயாரிப்பாளர் சங்கத்தில் பதிவாகியிருந்தால் முதலில் அங்கே எழுத்தில் புகார் கொடுக்கட்டும். அட்வான்ஸ் அளவுக்காவது பெரும்பாலும் அங்கேயே பேசி முடியும். முடியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு, ஆனால் வட்டி அதுவரை காத்திருக்காது.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஹீரோவிடம் முழு திரைக்கதை கொடுத்தாரா? எந்தத் தேதியில் எங்கே ஷூட்டிங் என்ற அட்டவணை போயிற்றா? 2017 மே மாதம் கேன்ஸ் விழாவில் பிரமாண்டமாக அறிவித்த 'சங்கமித்ரா' படத்திலிருந்து அதே மாதக் கடைசியில் ஸ்ருதி ஹாசன் வெளியேறினார். தவிர்க்க முடியாத காரணம் என்றது தயாரிப்புத் தரப்பு. முழு ஸ்கிரிப்டும் சரியான தேதி அட்டவணையும் கைக்கு வரவில்லை என்றது அவர் தரப்பு. உங்கள் ஹீரோவும் அதையே சொன்னால் வழக்கு தலைகீழாகிவிடும்.

சரி, இவ்வளவும் மச்சானுக்கான யோசனை. நீங்களே கேஸ் போடலாமா? நீங்கள் போட முடியாது. ஹீரோ ஒப்பந்தம் போட்டது மச்சானின் கம்பெனியோடு. உங்களை அவருக்கு யாரென்றே தெரியாது. ஹீரோ மச்சானுக்குக் கடன்பட்டவர், உங்களுக்குக் கடன்பட்டவர் மச்சான். உங்கள் கடிதத்தில் ஹீரோ பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. ஆனால் 40 லட்சத்துக்கு மச்சானிடம் புரோநோட்டு வாங்கினீர்களா, பங்குதாரராகச் சேர்ந்தீர்களா என்பது ஒரு வரிகூட இல்லை. வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மச்சானிடம் போய் எப்படிக் கேட்பது!

இப்போது கேளுங்கள். தனியாகக் கூட்டிப்போய்க் கேட்காதீர்கள், மனைவியை வைத்துக்கொண்டு கேளுங்கள். அடகில் இருப்பது அவருடைய நகை. தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது உண்மைதான். அதனால்தான் அவர் எதிரில் எழுதி வாங்க வேண்டும், பின்னால் 'என் தம்பியை மிரட்டினீங்களா' என்ற பேச்சு வராது. கொடுத்தது கடனா பங்கா, எவ்வளவு, எப்போது திரும்பும், ஹீரோவிடமிருந்து வரும் 15 லட்சம் முதலில் யாருக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பங்கு என்று எழுதினால் நஷ்டத்திலும் பங்கு வரும், யோசித்து எழுதுங்கள். அந்த 15 லட்சம் வந்ததும் முதலில் நகையை மீட்டுவிடுங்கள்.

வேறு ஹீரோவை வைத்து எடுக்கலாமே என்று மச்சான் சொல்வார். எடுக்கலாம். 'நான் கடவுள்' முதலில் அஜித் நடிப்பதாக இருந்து, ஆர்யாவுக்குப் போய், 2009-ல் வந்தது. பாலாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் மச்சான் இன்னும் பாலா ஆகவில்லை. இந்த ஹீரோ பெயரைச் சொல்லித்தான் வெளியே பைனான்ஸ் வாங்கியிருக்கிறார் என்றால், அவர்களும் இந்நேரம் போன் அடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் அதே உட்காரலில் கேட்டுவிடுங்கள்.

கதைச் சுருக்கத்தைப் படித்தேன். இடைவேளை வரை நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த லாரி டிரைவர் ஏன் திடீரென்று வேலையை விட்டுவிட்டுப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஹீரோவுக்கும் புரியவில்லையோ என்னவோ.